மேற்சுற்றுக்கு யார் போவார்?

கொடிகாமச் சந்தியிலே மாலை வேளையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுக்குப் பேச்சுக்கு என்றும் குறைவில்லை. மாம்பழக் காலமென்றால் சந்தை விலை. மாரி காலமென்றால் வெள்ளம். தேர்தற் காலமென்றால் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டாலோ, ஏனைய பேச்செல்லாம் ஒதுங்கி நின்று வழிவிடும். "எங்கட பெடியள் அடுத்த சுற்றுக்குப் போவாங்களோ?" என்பதே அப்போது எல்லார் வாயிலும் வரும் கேள்வி.

சென்ற கிழமை எனது மாணவன் ஒருவன் கையிற் கொப்பியுடன் என்னிடம் வந்தான். அவன் அணியிலே பின்காப்பில் ஆடுபவன். உயர்தர வகுப்பின் கடைசி ஆண்டிலிருப்பவன். கொப்பியைத் திறந்தால், ஒரு பக்கம் முழுவதும் நான்கு அணிகளின் புள்ளி அட்டவணை. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டங்கள் முடிந்திருந்தன, ஒன்று எஞ்சியிருந்தது. "சேர், எங்களுக்குச் சந்தர்ப்பம் எவ்வளவு?" என்றான். அக்கேள்விக்கு நான் சொன்ன விடையையும், அதன்பின் அவன் கேட்ட இரண்டாவது கேள்வியையும் இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். இரண்டாவது கேள்விதான் பெரிது. எனினும் முதலாவதின் கணக்கை அறியாமல் இரண்டாவதின் கனத்தை அறிதல் இயலாது.

நான்கு அணிகள் கொண்ட ஒரு பிரிவிலே, ஒவ்வோர் அணியும் மற்றை மூன்றையும் ஒருமுறை சந்தித்தால் ஆறு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள்: வெற்றி, தோல்வி, சமநிலை. ஆகவே போட்டி தொடங்குமுன் அப்பிரிவில் நிகழக்கூடிய வகைகள் 729. முதற் சுற்று முடிந்ததும் அவை 81 ஆகச் சுருங்கும். இரண்டாஞ் சுற்று முடிந்ததும் 9 ஆகும். என் மாணவன் கொப்பியுடன் வந்தது இந்த ஒன்பதின் வாசலில்.

வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 என்பது இன்றைய வழக்கு. முன்னாளில் வெற்றிக்கு 2 புள்ளியே இருந்தது. இங்கிலாந்தின் லீக் போட்டிகளில் 1981 இலும், உலகக் கிண்ணத்தில் 1994 இலும் மூன்றாக்கினார்கள். சமநிலையிலே சுகங்கண்டு பின்னுக்கு நின்று ஆடும் அணிகளை முன்னுக்குத் தள்ளுவதே நோக்கம். இம்முறையிலே இரண்டு அணிகள் மேற்சுற்றுக்குச் செல்லும் பிரிவொன்றில், 7 புள்ளி பெற்ற அணிக்கு எந்தப் பயமும் இல்லை. மூன்று அணிகள் ஒருசேர 7 பெறுதல் இயலாத காரியம். ஆனால் 6 புள்ளி பெற்றவன் வீட்டுக்குப் போவதும் உண்டு. ஓர் அணி மற்ற மூன்றையும் வென்று, அம்மூன்றும் தம்முள் சமநிலை கண்டுவிட்டால், வெறும் 2 புள்ளியோடு ஒருவன் மேலே போவதும் உண்டு. மாணவர்கள் ஒரு தாளை எடுத்து இதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். வீட்டுப் பாடத்திலும் இது சுவையாக இருக்கும்.

இனி, என் மாணவனின் அட்டவணைக்கு வருவோம். அவனுடைய அணியை 'அ' என்றும், கடைசி ஆட்டத்தில் அது சந்திக்கவிருக்கும் அணியை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 4 புள்ளிகள். மற்றைய 'இ', 'ஈ' இரண்டுக்கும் ஒவ்வொரு புள்ளி. அவை தம்முள் மோதவிருக்கின்றன. ஒன்பது வகைகளையும் எழுதிப் பார்த்தோம். 'அ' வென்றாலும் சமநிலை கண்டாலும் மேற்சுற்று உறுதி; அது ஆறு வகை. 'அ' தோற்று, மற்றை ஆட்டம் சமநிலையில் முடிந்தாலும் உறுதியே, அது ஏழாவது. எஞ்சிய இரண்டு வகையில் மட்டும் 'இ' அல்லது 'ஈ' 4 புள்ளிக்கு வந்து சேரும். அப்போது கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும்.

"அப்ப ஒன்பதில ஏழு, சேர்!" என்று அவன் முகம் மலர்ந்தான்.

"பொறும் தம்பி," என்றேன். "ஒன்பதும் ஒரே நிறையுள்ளவை என்று உமக்கு யார் சொன்னது?"

நாணயத்தைச் சுண்டினால் தலையும் பூவும் ஒத்த நிறை. ஆட்டத்தின் முடிவுகள் அப்படியல்ல. எதிரணியின் பலம் என்ன? அதன் இரண்டு ஆட்டங்களும் எவருக்கெதிராக ஆடப்பட்டவை? நமது கோல்காப்பாளனின் கைவிரல் வீக்கம் வற்றிவிட்டதா? ஐப்பசி, கார்த்திகை மழையிலே திடல் எப்படி இருக்கும்? மணற்பாங்கான தென்மராட்சித் திடலிலே பழகிய கால், சேற்றுத் திடலில் அதே கதியில் ஓடுமா? பரீட்சை நெருங்க, மாலைப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? இவையெல்லாம் அட்டவணையில் ஏறாத எண்கள். அட்டவணை கடந்ததைச் சொல்லும். வருவதற்கு அது சாட்சியன்று.

இன்னுமொன்றையும் கவனித்தல் வேண்டும். பிரிவு கடினமானதா, இலகுவானதா என்பது ஆட்டக்காரனின் கையில் இல்லை. யாழ்ப்பாண மாவட்டம் யாழ்ப்பாணம், தீவகம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி என ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பாடசாலை உதைபந்தாட்டம் என்றதும் நினைவுக்கு வரும் கல்லூரிகளுள் 1907 இல் தோன்றிய இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும், 1910 இல் தோன்றிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் அடங்கும். இரண்டும் வலிகாமத்திலேயே, ஒன்றுக்கொன்று சில கட்டை தூரத்திலே இருக்கின்றன. 1850 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியோ மற்றொரு வலயம். குருநகர், நாவாந்துறை முதலிய கரையோர ஊர்களின் உதைபந்து மரபு அதற்கு அயலிலேயே வளர்ந்தது. ஒரே வலயத்தில் இரண்டு பலசாலிகள் இருந்தால் ஒருவர் காலை ஒருவர் வாருவர். வேறிடத்தில் அவ்வளவு பலமற்றவன் நோகாமல் மேலே போவான். மேற்செல்லும் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஆகவே, முன்னரே வெளியேறிய அணியெல்லாம் பலவீனமான அணியன்று. இதனை அறிந்தவன் தோற்றவனை எள்ளமாட்டான். நம் பெண்பிள்ளைகளையும் இங்கே மறத்தலாகாது; மகாஜனவின் மாணவியர் அகில இலங்கைப் பட்டத்தையே வென்று வந்தவர்கள்.

நிற்க. கணக்கெல்லாம் முடிந்தபின் என் மாணவன் எழுந்து போகவில்லை. கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ந்த குரலிற் கேட்டான்:

"சேர், சமநிலையா முடிஞ்சா எங்களுக்கும் அவங்களுக்கும் ஐந்தைந்து புள்ளி. இரண்டு பேரும் போகலாம். அவங்கட கப்டன் எனக்குத் தெரிஞ்ச பெடியன். இரண்டு பக்கமும் அடிக்காமல் விளையாடினால் பிழையோ?"

உண்மையைச் சொல்வதானால், எனக்கு உடனே விடை வரவில்லை. அவன் பாடசாலை மேற்சுற்றுக்குப் போய்ப் பல்லாண்டாயிற்று. அவனுக்கு இது கடைசி ஆண்டு. தேசிய மட்டத்திலே திறமை காட்டியவருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு ஒன்று உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். விதிப்புத்தகத்திலே "நீ கோல் அடித்தே தீரவேண்டும்" என்று ஒரு விதியும் இல்லை. ஆகவே அவனுக்கு நான் விதியைச் சொல்லவில்லை; ஒரு கதையைச் சொன்னேன்.

1982 ஆம் ஆண்டு ஸ்பெயினில் உலகக் கிண்ணப் போட்டி. ஒரு பிரிவிலே மேற்கு ஜேர்மனி, ஒஸ்திரியா, அல்ஜீரியா, சிலி. முதலாட்டத்திலேயே அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2–1 என வென்று உலகை வியக்க வைத்தது. பின் ஒஸ்திரியாவிடம் 0–2 எனத் தோற்று, சிலியை 3–2 என வென்று, தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துக்கொண்டு காத்திருந்தது. மறுநாள், யூன் 25 ஆந் திகதி, ஹிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதின. ஜேர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோலால் வென்றால் இரண்டும் மேலே போகும், அல்ஜீரியா வெளியே. பத்து நிமிடமளவில் ஜேர்மனி ஒரு கோல் போட்டது. அதன்பின் ஆட்டம் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். பந்து தங்களுக்குள்ளே பின்னும் முன்னும் போய்வந்தது; கோலை நோக்கி உதைத்தல் மிக அரிதாயிற்று. அல்ஜீரியச் சனங்கள் நாணயத்தாள்களை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். 1–0 என்று முடிந்தது. மூன்று அணிகளும் இரண்டிரண்டு வெற்றி பெற்றிருந்தும் கோல் வித்தியாசத்தில் அல்ஜீரியா வீழ்ந்தது. முறைப்பாடு செய்தார்கள், விதி எதுவும் மீறப்படவில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

அன்று விதி மீறப்படவில்லை. ஆனால் அதன் பின்னர் விதியே மாற்றப்பட்டது. பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கும் வழக்கம் அதனால் வந்ததே. மேற்கு ஜேர்மனி அவ்வாண்டு இறுதியாட்டம்வரை சென்றது. இத்தாலியிடம் 1–3 எனத் தோற்றது. எனினும் நாற்பது ஆண்டு கழிந்தும் ஹிஹோன் என்றதும் உதைபந்து அறிந்தவர் முகஞ் சுளிக்கின்றனர்.

"உமது கொப்பியில் 'இ', 'ஈ' என்று இரண்டு அணிகள் உண்டு அல்லவா?" என்று கேட்டேன். "அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது. தாங்கள் வெல்ல வேண்டும். உங்கள் ஆட்டத்தில் ஒருவர் தோற்க வேண்டும். நீரும் அந்தக் கப்டனும் பேசி முடித்தால், அவர்கள் மழையில் நனைந்து உயிரைக் கொடுத்து ஆடும் ஆட்டம் முன்னரே முடிந்துபோன ஆட்டம். அது அவர்களுக்குத் தெரியாது; உமக்குத் தெரியும். அதை அறிந்துகொண்டு திடலில் நிற்க உம்மால் முடியுமோ?"

அவன் பேசவில்லை.

நமது பாடசாலைப் போட்டிகளிலே ஒரே திடலில் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் நடப்பது பல வேளைகளிற் தவிர்க்க முடியாதது. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் வைக்கத் திடலும் இல்லை, மத்தியஸ்தரும் போதாது. ஆகையால் பெரிய போட்டிகளில் விதி காக்கும் நேர்மையை, இங்கே பிள்ளைகளின் மனமே காக்கவேண்டியிருக்கிறது. அந்த மனத்தைப் பழக்குவதற்காகவே பாடசாலையில் விளையாட்டு வைத்திருக்கிறோம். அல்லவெனில் அந்த நேரத்துக்குக் கணிதமே படிப்பிக்கலாம்.

அதற்காக, சமநிலை என்றாலே சூது என்று எவரும் கொள்ளவேண்டாம். பின்காப்பை இறுக்கி, தோற்காமல் இருக்க உண்மையாகவே போராடிப் பெறும் ஒரு புள்ளி உழைத்துச் சம்பாதித்த புள்ளி. இரண்டு பேர் கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளும் புள்ளி மூன்றாமவனிடம் களவெடுத்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அட்டவணையும் வேறுபாடு காட்டாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2018 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் யப்பானும் செனகலும் புள்ளியிலும், கோல் வித்தியாசத்திலும், போட்ட கோல்களிலும் சமமாயின. தம்முள் ஆடிய ஆட்டமும் 2–2. கடைசியில் மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். யப்பானுக்கு 4, செனகலுக்கு 6. யப்பான் மேலே சென்றது. மத்தியஸ்தரோடு வாய்த்தர்க்கம் செய்யுமாறு கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளையை ஏவிவிடும் தந்தையர், அந்த ஒரு சொல்லும் கணக்கில் ஏறக்கூடும் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

அந்த ஆட்டம் வரும் செவ்வாய்க்கிழமை நடைபெறவிருக்கிறது. முடிவை நான் அறியேன். 'ஆ' அணி இவர்களிலும் பலமானது என்று மட்டும் அறிவேன். எழுந்து போகும்போது என் மாணவன் வாசலில் நின்று, "தோத்துப்போனால், சேர்?" என்றான்.

"தோற்றால் 'இ'யோ 'ஈ'யோ வென்றதா என்று விசாரியும். வென்றிருந்தால் கோல் வித்தியாசத்தைக் கூட்டிப் பாரும். அதிலும் பிந்தினீராயின், போனவனுக்குக் கை கொடுத்துவிட்டு வாரும்," என்றேன்.

சிரித்துக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானும் திடலுக்குப் போவதாக இருக்கிறேன்.