பாயலும் கூன்வண்டும்

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பையொட்டிய குளத்தை இளைஞர்கள் கூடித் துப்புரவு செய்தனர். அள்ளிய பாயலை அடுத்திருந்த கால்வாயில் கொட்டினர். கரையில் நின்ற நாமும் மகிழ்ந்து பாராட்டினோம். இன்று அக்கால்வாயில் நீர் கண்ணுக்குத் தெரியவில்லை. பிழையில் நமக்கும் பங்குண்டாதலின், அச்செடியின் வரலாற்றை இம்மாதம் அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

இந்தியாவில் இப்பாயல் முதன்முதலாகக் காணப்பட்டது, 1955-ஆம் ஆண்டில், நம் திருவனந்தபுரத்து வேளிக் காயலிலேயே ஆகும். மலையாளிகள் அதனை 'ஆப்பிரிக்கப் பாயல்' என்பர். ஆயினும் அதன் தாயகம் ஆப்பிரிக்கா அன்று, தென்கிழக்குப் பிரேசில். அது பாசியும் அன்று; வேரின்றி மிதக்கும் பெரணி வகை. விதையில்லை, ஒடிந்த துண்டு ஒன்றே புதுச் செடியாகிவிடும். தக்க சூழலில் சில நாட்களுக்கொருமுறை இருமடங்காகப் பெருகும். பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1024 ஆகும் என்பது, நாள்தோறும் பேரேடு எழுதும் நமக்குப் புதிய கணக்கன்று. இவ்வாறு பெருகி வயல்களையும் படகு செல்லும் கால்வாய்களையும் அது மூடியது. அடியில் இருந்த செடிகள் ஒளியின்றி நலிந்தன.

பிறந்த நாட்டில் அது ஏன் இவ்வாறு பெருகவில்லை? அங்கே அதனைத் தின்னும் சிறு கூன்வண்டு உண்டு. செடி கடல் கடந்தது; வண்டு உடன் வரவில்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அவ்வண்டு தருவிக்கப்பட்டது. பெங்களூரில் ஓர் அல்லிக்குளத்தில் விட, 11 மாதங்களில் பாயல் மடிந்தது. நலிந்து கிடந்த அல்லி மீண்டும் தழைத்தது. கேரளத்திலும் வண்டு விடப்பட்ட பகுதிகளில், 1988-க்குள் கைவிடப்பட்ட கால்வாய்கள் பலவற்றில் படகுகள் மீண்டும் ஓடின.

வண்டு பாயலை அடியோடு அழிக்கவில்லை என்பதை அன்பர்கள் கருதவேண்டும். செடி குறைந்தால் இரையின்றி வண்டும் குறையும்; இரண்டும் சிறிதளவில் எஞ்சிச் சமநிலை கொள்ளும். மேலும், ஒழிந்த இடம் வெறுமையாய் இராது. இன்று ஆக்குளம் காயலில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கக் காண்கிறோம். அதன் விதைகளோ சேற்றில் பல்லாண்டு உறங்கி முளைக்க வல்லவை.

வெளியிலிருந்து வந்த செடி யாவும் களை என்பதும் தவறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மன்னர். அது ஏழைகளின் பசியாற்றியது. வருவதன்று குற்றம், வந்தது கட்டின்றிப் பெருகுவதே கேடு.

ஆகவே இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்தமுறை அள்ளும் பாயலை நீர் அணுகாத மேட்டில் குவித்து உலர்த்தி, மட்கவிட்டு எருவாக்குக. வீட்டு மீன்தொட்டிச் செடியையும் ஓடையில் எறியற்க. ஒரு துண்டு போதும். மற்றதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.