நண்பகல் மின்சாரம் முதலாளிக்கு, அந்தி மின்சாரம் வாரியத்திற்கு

நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் சரிபாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத ஆதாரங்களைச் சார்ந்ததாகிவிட்டது என்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பாரிஸ் உடன்பாட்டின்படி 2030க்குள் எட்ட வேண்டிய இலக்கை ஐந்தாண்டுகள் முன்னதாகவே எட்டிவிட்டோம் என்ற பெருமிதம் நாளேடுகளை நிறைத்தது. அறிவிப்பு பொய்யல்ல. ஆனால் அது நிறுவுதிறன் பற்றிய கணக்கு. ஆண்டு முழுவதும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சூரிய ஒளித் தகடு பகலில் சில மணி நேரமே முழுவீச்சில் இயங்கும். அனல்மின் நிலையமோ இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும்.

இந்த அறிவிப்பு வெளியான மூன்றே மாதங்களில், அக்டோபரில், மின்சாரச் சட்டத்திற்கான புதிய திருத்த வரைவு வந்தது. போட்டியைத் திறந்துவிட்டால் விலை குறையும், தூய்மையான எரிசக்தி தானாகவே முன்னுக்கு வரும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். சந்தை கரிப்புகையைக் குறைக்கும் என்ற இந்த வாதத்தைத்தான் நாம் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கிறது. தனியார்மயத்தை எதிர்க்கும்போது வேலைவாய்ப்பையும் கட்டண உயர்வையும் பற்றிப் பேசுகிறோம். அது சரியே. புவி வெப்பமடைதல் என்ற கேள்வியை எதிர்த்தரப்பின் கையில் விட்டுவிடுவது சரியல்ல.

மின்சந்தையின் ஒரு நாளைப் பார்ப்போம். நண்பகலில் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சூரிய மின்சாரம் பெருக்கெடுக்கிறது. மின்சந்தையில் விலை சரிகிறது. 2025 கோடையில் சில நாட்கள் பூஜ்யத்தை ஒட்டியே விழுந்தது. கதிரவன் சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகையில் சூரிய மின்சாரம் மறைந்துவிடுகிறது. விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பில் போய் முட்டுகிறது. அந்த வரம்பும் சந்தையின் கருணையால் வந்ததல்ல. 2022 மார்ச்சில் விலை 20 ரூபாய் வரை ஏறிய பிறகே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய் என்றும், பின்னர் 10 ரூபாய் என்றும் வரம்பு கட்டியது.

எனவே பசுமை எரிசக்தியின் உண்மையான செலவு தகட்டில் இல்லை. சூரிய மின்சாரம் இரண்டரை ரூபாய் அளவில் ஏலத்தில் கிடைக்கிறது. அதை அந்திவரை சேமித்து வைப்பதும், தொலைவிலுள்ள மாநிலங்களுக்குக் கொண்டுசெல்வதும், மேகம் மூடிய நாளில் ஈடுகட்டத் தயாராக நிற்பதுமே செலவு. இந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. மின்துறை மறுசீரமைப்பு இதற்குத் தந்துள்ள விடை: மலிவான பகுதி தனியாருக்கு, கடினமான பகுதி மாநிலப் பொதுத்துறைக்கு.

2022 ஜூனில் வந்த பசுமை எரிசக்தி விதிகள் இதற்கு நல்ல சான்று. மாநிலப் பகிர்மான நிறுவனத்தைத் தவிர்த்துவிட்டு, வேறொரு உற்பத்தியாளரிடம் நேரடியாக மின்சாரம் வாங்கும் ‘திறந்த அணுகல்’ உரிமை அதுவரை ஒரு மெகாவாட் அளவிலான பெரும் நுகர்வோருக்கே இருந்தது. பசுமை மின்சாரம் என்றால் 100 கிலோவாட் போதும் என்று விதி மாற்றப்பட்டது. இப்படி வெளியேறுவோர் வாரியத்திற்குச் செலுத்த வேண்டிய கூடுதல் கட்டணங்களுக்கும் கடிவாளம் போடப்பட்டது. நடைமுறையில் என்ன ஆகும்? பெரிய ஆலை பகலில் தனியார் சூரிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், அந்தியில் வாரியத்தின் கம்பிக்குத் திரும்பும். அந்தத் திரும்புதலுக்காகவே அனல்மின் நிலையங்களை வாரியம் சூடாக வைத்திருக்க வேண்டும். உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒப்பந்தப்படி நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். ஆலையின் ஆண்டறிக்கை பசுமையாகப் பளபளக்கும். கரிப்புகை வாரியத்தின் கணக்கில் ஏறும், நட்டமும் அங்கேதான் ஏறும். பிறகு அந்த நட்டத்தைக் காட்டியே வாரியத்தை விற்க வேண்டும் என்பார்கள்.

எஞ்சியிருக்கும் சாதாரண நுகர்வோருக்கு என்ன தரப்படுகிறது? 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் நேரத்திற்கேற்ற கட்டணத்தைக் கொண்டுவந்தன: பகலில் சலுகை, உச்ச நேரத்தில் கூடுதல். வேளாண்மை நீங்கலாக வீடுகள் உள்ளிட்ட மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறை என்றார்கள். பகலெல்லாம் வேலைக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் தொழிலாளி பகல் சலுகையை எப்படி அனுபவிப்பார்? சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் நண்பகலுக்கு மாற்றவா முடியும்? இதற்காகவே 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்கள் என்ற திட்டம், அதைத் தனியார் நிறுவனங்கள் முதலீடு செய்து பல்லாண்டு வசூலிக்கும் ‘டோட்டெக்ஸ்’ முறை. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு அந்த முறையை ஏற்க மறுத்து, வாரியமே பொறுப்பேற்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது.

சரி, சந்தை தன் சொந்தக் கணக்கிலாவது வெற்றி பெற்றிருக்கிறதா? சூரிய, காற்றாலை மின்சாரத்தை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல 2025 ஜூன் வரை தொடங்கப்பட்ட திட்டங்களுக்குக் கட்டணம் முழுமையாக விலக்கப்பட்டது. இதனால் முதலீடு ஓரிரு மாநிலங்களின் பாலைநிலங்களில் குவிந்தது. பிற மாநிலங்கள் தம் மண்ணில் பரவலாக அமைக்கக்கூடிய நிலையங்கள் பின்தங்கின. தள்ளுபடியான கட்டணம் ஆவியாகிவிடவில்லை. பிற பயன்பாட்டாளர்கள் மீது, அதாவது மாநிலப் பகிர்மான நிறுவனங்கள் மீது விழுந்தது. மின்பாதைகள் தகடுகளின் வேகத்திற்கு வரவில்லை. 2025இல் ராஜஸ்தானில் பல ஆயிரம் மெகாவாட் சூரிய மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வழியின்றி வீணாக விட நேர்ந்தது. நாடு முழுவதும் ஏலம் முடிந்தும் வாங்குவோர் கையெழுத்திடாத புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் 40,000 மெகாவாட்டைத் தாண்டின. மாநிலங்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று டெல்லி குறைகூறுகிறது. அந்தியில் தேவைப்படும் மின்சாரத்தை நண்பகலில் கொண்டுவந்து கொட்டுபவரிடம் 25 ஆண்டு ஒப்பந்தம் போட எந்த மாநிலம் முன்வரும்?

சேமிப்பு என்பது இன்றைக்குப் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்டதைப் போலப் பேசப்படுகிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறனுடன் 1980களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிகையாக இருக்கும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து நீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்கி உற்பத்தி செய்யும் ஏற்பாடு அது. தமிழ்நாடு மின்வாரியம் அதைக் கட்டியபோது மின்சந்தை என்ற ஒன்றே இந்தியாவில் கிடையாது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், மாநிலப் பொதுத்துறையே புருலியாவின் அயோத்தியா மலையில் 900 மெகாவாட் நீரேற்று நிலையத்தை அமைத்து 2007-08இல் இயக்கியது. அதற்காக அங்கே காடு அழிந்தது என்ற விமர்சனம் உண்டு, அது புறந்தள்ளத்தக்கதல்ல. இனிவரும் திட்டங்களில் மலைவாழ் மக்களின் ஒப்புதல் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். ஆயினும் மையமான உண்மை மாறாது. உடனடி லாபம் தராத, பல்லாண்டு காத்திருக்க வேண்டிய இத்தகைய கட்டுமானத்தை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான வாரியங்களும் அவற்றின் வழிவந்த பொதுத்துறை நிறுவனங்களுமே பெரும்பாலும் மேற்கொண்டன. உற்பத்தி, கடத்தல், பகிர்மானம் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்ட மரபுதான் அதைச் சாத்தியமாக்கியது. 2003 சட்டம் அந்த ஒருங்கிணைப்பைத் துண்டு துண்டாக வெட்டியது.

இப்போதைய வரைவு எஞ்சியிருப்பதையும் வெட்டுகிறது. ஒரே பகுதியில் பல உரிமதாரர்கள் இருக்கலாம், அவர்கள் வாரியம் இழுத்த கம்பிகளையே பயன்படுத்தலாம். ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரும் நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கும் கடமையிலிருந்து பகிர்மான நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கலாம். உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ ஆகியவை அளிக்கும் குறுக்கு மானியம் ஐந்தாண்டுகளில் அறவே நீக்கப்பட வேண்டும். இந்த ‘நீக்கம்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. குறுக்கு மானியத்தைக் குறைத்து ஒழிக்க வேண்டும் என்று வாஜ்பாய் ஆட்சியின் 2003 சட்டம் கூறியது. இடதுசாரிகளின் ஆதரவைச் சார்ந்து ஒன்றிய அரசு நடந்த காலத்தில், 2007 திருத்தத்தின் மூலம் ‘ஒழிக்க’ என்பது எடுக்கப்பட்டு ‘குறைக்க’ மட்டும் நின்றது. அன்று எடுக்கப்பட்டதைத்தான் இன்று பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறார்கள். விவசாயிகளைப் பாதிக்கும் பிரிவுகளை அவர்களோடு பேசாமல் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பரில் சம்யுக்த கிசான் மோர்ச்சாவுக்கு எழுத்தில் தந்த உறுதியும் காற்றில் போனது.

குறுக்கு மானியத்தை ஏழைகளுக்கான சலுகை என்று மட்டும் பார்ப்பது போதாது. சேமிப்புக்கும் மின்பாதைக்கும் தேவைப்படும் முதலீட்டை மாநிலம் திரட்டுவதற்கான அடிப்படையே அதுதான். பெரும் நுகர்வோர் போய்விட்டால் வாரியம் கடனாளியாகும். கடனாளியான வாரியம் சேமிப்பு நிலையம் கட்டாது, கையிலிருக்கும் பழைய அனல்மின் நிலையத்தையே கடைசி மூச்சுவரை ஓட்டும். ஒடிசாவில் 1999இல் பகிர்மானம் தனியாருக்குப் போனது. அதே ஆண்டின் பெரும்புயலுக்குப் பின் அமெரிக்க நிறுவனம் ஏஇஎஸ் 2001இல் கைகழுவியது, ரிலையன்ஸின் உரிமங்கள் 2015இல் ரத்தாகின, இப்போது டாடா. இத்தனை கைமாற்றங்களுக்கு இடையே பத்தாண்டுக் கணக்கில் திட்டமிடுவது எங்கே?

கரிப்புகை விஷயத்தில் ஆட்சியாளர்களின் உண்மையான அக்கறையை அளக்க வேறு இரு செய்திகள் போதும். அனல்மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக வாயுவைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டாண்டு கெடு தரப்பட்டது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அக்கருவியைப் பொருத்துவதிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு பீகாரின் பீர்பைந்தியில் 2,400 மெகாவாட் நிலக்கரி நிலையத்திற்கு அதானி குழுமத்துடன் யூனிட்டுக்கு ரூ.6.075 என்ற விலையில் 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தி மின்சாரத்திற்குச் சந்தை கண்டுபிடித்த தீர்வு, 2050களிலும் நிலக்கரி எரியும் என்ற உத்தரவாதம்.

நம் அணிகளுக்குள்ளும் ஒரு பேச்சு உண்டு. காலநிலை என்பது தொண்டு நிறுவனங்களின் விவகாரம், நிலக்கரித் தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் சூழ்ச்சி என்று சில தோழர்கள் கருதுகின்றனர். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாவின் சுரங்கப் பகுதிகளில் இந்த அச்சத்திற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சுரங்கம் மூடப்படும் நாளில் மாற்று வேலையைத் தரப்போவது யார்? தகடு பதிக்கும் தனியார் நிறுவனம் கிரிதியிலோ கோர்பாவிலோ வேலை தரப்போவதில்லை. அதன் நிலையம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பொதுத்துறை திட்டமிட்டால் மட்டுமே அந்தத் தொழிலாளிக்கும் வழி உண்டு.

திட்டமிடலின் பயன் எப்படியிருக்கும் என்பதை வயலில் பார்க்கலாம். நாட்டின் மின் நுகர்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேளாண்மைக்குச் செல்கிறது. பல மாநிலங்களில் விவசாயிக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில் கிடைக்கிறது. பாம்புக்கும் பனிக்கும் நடுவே டார்ச் விளக்கோடு பம்புசெட்டுக்கு நடக்கிறார். வேளாண் மின்பாதைகளைத் தனியாகப் பிரித்து நண்பகலில் மின்சாரம் கொடுத்தால், வீணாகும் சூரிய மின்சாரம் நிலத்தடி நீராக மேலே வரும், இரவில் எரியும் நிலக்கரி குறையும், விவசாயி இரவில் உறங்குவார். குஜராத்தும் மகாராஷ்டிராவும் இதை ஓரளவு தொடங்கியுள்ளன. செய்வது மாநில அரசுகளும் அவற்றின் பகிர்மான நிறுவனங்களும்தான். நாளை இணை உரிமத்தோடு வரப்போகும் நிறுவனத்தின் பட்டியலில் இந்த விவசாயி இருக்கவே மாட்டார்.

மின் ஊழியர் கூட்டமைப்பும் விவசாய அமைப்புகளும் மசோதாவுக்கு எதிராக இணைந்து களம் காண்கின்றன. வட்டார அளவிலான மின் நுகர்வோர் கூட்டங்களில் கட்டண உயர்வோடு சேர்த்து, எங்கள் ஃபீடருக்குப் பகலில் எத்தனை மணி நேரம் மின்சாரம் என்ற கேள்வியையும் நம் தோழர்கள் எழுப்ப வேண்டும். அந்தக் கணக்கு துணைமின் நிலையப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லக்கூடிய தொழிலாளி நம் சங்கத்தில் இருக்கிறார்.