ஏலத்தில் போன வீட்டுக்கு எது விலை?

காக்கநாடு சிவில் ஸ்டேஷனில் ஏல நோட்டீஸ் படிக்கும் நம்மவர்கள் இரண்டு வகை. சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொண்டு ஏலத்திலாவது நாலு சென்ட் வாங்கலாமா என்று பார்ப்பவர் ஒருவர். தம் நிலமே ஏலத்துக்கு வந்துவிட்டதே என்று பார்ப்பவர் மற்றவர். ஏலத்தில் விழுந்த விலை ஒன்று, சர்க்கார் குறித்து வைத்த விலை வேறு என்றால், வரிக்கு எதை எடுப்பது?

கேரளத்தில் 2010 முதல் நிலத்துக்கு சர்க்காரின் நியாய விலை அமலில் இருக்கிறது. முத்திரைத் தீர்வை 8 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். 30 லட்சத்துக்கு ஏலம் எடுத்த நிலத்தை 40 லட்சம் என்று கணக்கிட்டால், வாங்கியவர் ஒரு லட்சம் அதிகமாகக் கட்ட வேண்டும். இவருக்கு சுப்ரீம் கோர்ட் ஓரளவு வழி செய்திருக்கிறது. நலிந்த கம்பெனியின் சொத்து விற்பனை பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் (தேவதாஸ் வழக்கு, 2009) பகிரங்க விற்பனையின் விலையை ஏற்றது. 2022 நவம்பரில் மேற்கு வங்கத்து ஏஎஸ்எல் வியாபார் வழக்கில், கோர்ட் மூலம் நடந்த ஏலத்தின் விலையைப் பதிவு அதிகாரி மறுபடி மதிப்பிட முடியாது என்று தீர்ப்பளித்தது.

நிலத்தை இழந்தவர் கதை வேறு. பாங்க் விற்றாலும் சட்டத்தின் கண்ணில் விற்றவர் அவரே. தாமே அடமானம் வைத்த சொத்து ஏலம் போனால், கடனுக்குப் போன தொகையைக் கழித்து லாபக் கணக்குப் போட முடியாது என்று 1997லும் 2001லும் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. கையில் காசு வராவிட்டாலும் லாபம் வந்ததாகவே கணக்கு! அதற்கு மேல், முத்திரை மதிப்பு விற்ற விலையை விட 10 சதத்துக்கு மேல் கூடினால், அந்த மதிப்பையே விற்ற விலையாகக் கொள்வது வருமான வரி விதி. 30 லட்சத்துக்குப் போன நிலம் 40 லட்சத்துக்குப் போனதாக ஆகிவிடும்.

கறுப்புப் பணத்தைப் பிடிக்கப் போட்ட விதி இது. பத்திரத்தில் குறைத்து எழுதி, மீதியை மேஜைக்கடியில் வாங்குகிறவனுக்கு அது சரி. பாங்க் ஏலத்தில் மேஜைக்கடி ஏது? அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கேட்டுத்தான் பாங்க் அடிமட்ட விலை குறிக்கிறது. 30 நாள் நோட்டீஸ் தருகிறது. அப்படியும் விலை குறைவது உண்டு. ரயில்வேயில் கேட்பாரற்ற பார்சல் ஏலம் போவதைப் பார்த்தவன் நான். கூட்டம் வந்த நாளில் ஒரு விலை, மழை நாளில் ஒரு விலை. அந்தக் குறைவில் ஏற்கனவே நஷ்டப்பட்டவர் கடன்காரர்தான். அவரிடமே வித்தியாசத்துக்கு வரி கேட்பது என்ன நியாயம்?

வாங்கியவருக்கு கோர்ட் தந்த அளவுகோலையே இழந்தவருக்கும் வருமான வரி இலாகா ஒரு சுற்றறிக்கை மூலம் தரலாம். கோர்ட் ஏலத்தோடு நிறுத்தாமல், சட்டப்படி நடந்த பாங்க் ஏலத்துக்கும் அது பொருந்த வேண்டும். அதுவரை, முத்திரை மதிப்பு சந்தை விலையை மிஞ்சுகிறது என்று கருதுவோர், இலாகாவின் மதிப்பீட்டு அதிகாரிக்கு விஷயத்தை அனுப்பும்படி எழுத்து மூலம் கேட்க இடமுண்டு. ஏல நோட்டீசையும் மதிப்பீட்டாளர் அறிக்கை நகலையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அங்கே பேச ஆதாரம் இருக்கும்.