திரை மூலையில் ஒரு முத்திரை

தேர்தல் நடத்தை விதிமுறைகள் அமலில் இருந்த 2024 ஏப்ரலில், டிடி நியூஸ் அலைவரிசை தனது இலச்சினையின் நிறத்தைச் சிவப்பிலிருந்து காவிக்கு மாற்றியது. தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் உள்ளிட்டோர் அதைக் கண்டித்தனர். அவ்வாண்டு ஜனவரியில்தான் 'பொதிகை', 'டிடி தமிழ்' ஆகியிருந்தது. நிறமும் பெயரும் பேசப்பட்ட அளவுக்கு, திரை மூலையில் தெரியும் முத்திரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பேசப்படவில்லை.

அந்தச் சிறு முத்திரைக்குப் பின்னால் ஒரு கருவி உண்டு. ஒளிபரப்பு நிலையத்தை விட்டுப் படம் வெளியேறும் கடைசிக் கட்டத்தில் 'லோகோ இன்சர்ட்டர்' அதைப் பதிக்கிறது. இலச்சினையின் வடிவையும் வண்ணத்தையும் ஒரு சமிக்ஞை சுமந்து வருகிறது. எவ்விடத்தில், எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதை இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் ஓடும் படத்தின் மீது கருவி இழைக்கிறது. கருவிக்கு மின்சாரம் நின்றுபோனால், முத்திரை இல்லாமலாவது படம் தடையின்றிச் செல்வதற்கான மாற்றுவழி ரிலேயும் அதிலேயே அமைந்திருக்கும். ஓடும் செய்தி வரிகள், கடிகாரம், அவசர அறிவிப்பு ஆகியவற்றையும் கவனித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, இன்று பெரும்பாலும் கணினி மென்பொருளாகிவிட்டது.

முன்பு இத்தகைய கருவிகளின் விலை அதிகம். உரிமம் பெற்ற நிறுவனங்களே வாங்கின. பார்வையாளரின் நம்பிக்கைக்கு அந்தச் செலவும் ஒரு காவல். இன்று ஒரு கைப்பேசி போதும். தனியார் தொலைக்காட்சிகளின் இலச்சினை, எழுத்துரு, பின்னணி நிறம் அனைத்தையும் நகலெடுத்த போலி 'நியூஸ் கார்டு'கள் தமிழ்நாட்டில் தேர்தல்தோறும் பெருகுகின்றன. தரமும் போலியும் பிரித்தறிய இயலாத சந்தையில் தரமான சரக்கே விலகிப்போகும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். செய்திக்கும் அது பொருந்தும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர்களுக்கிடையே என்எல்சி கால்வாய் வெட்டியதும், தொடர்ந்து நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையானதும் நினைவிருக்கும். அந்நாள்களில் நகரியத்தில் கைப்பேசிக்கு வந்தவற்றில் எது செய்தி, எது வதந்தி என்றறிய அந்த மூலை முத்திரையைத்தான் பலரும் பார்த்தோம். நிலமும் வேலையும் பணயமாக உள்ள ஊரில் ஒரு போலி அட்டை கல்வீச்சில் முடியலாம்.

உண்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அரசிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு வழிசெய்த விதியை மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்கும் அதே தயக்கம் பொருந்தும்.

ஒரு படம் எங்கு உருவானது என்ற விவரத்தை அதனுள்ளேயே பொதிக்கும் சி2பிஏ என்ற தொழில்நுட்பத் தரம் 2021 முதல் உருவாகிவருகிறது. ஆனால், வாட்ஸ்ஆப்பில் கைமாறும்போதும் திரைப்பிடிப்பு எடுக்கும்போதும் அவ்விவரம் உதிர்ந்துவிடக்கூடும். எளிய வழியே முதலில் தேவை: ஒவ்வொரு தொலைக்காட்சியும் தான் வெளியிட்ட அட்டைகள் அனைத்தையும் எண்ணிட்டு, தேதிவாரியாகத் தன் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்குமாறு வைக்கட்டும். செலவு நிறுவனத்துக்கு, பயன் சமூகத்துக்கு என்பதால் தனியார் தாமாக முன்வரத் தயங்குவர். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பிரசார் பாரதிக்கு அந்தச் சாக்கு இல்லை. டிடி தமிழ் இதை முதலில் செய்யலாம்.