ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

அக்காவின் கைப்பையில் மூக்குக்கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ, இஞ்ச் டேப் இருக்கும். பிளவுஸ் தைப்பவள். இரண்டு வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் முடக்கிவிட்டதால் பெடல் மெஷின் அவளுக்குச் சரிப்படவில்லை. முதலில் கையால் சுற்றும் மெஷின், அப்புறம் மோட்டார் வைத்தது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் அகலம் சொல்லிவிடுவாள். அந்தக் கண் கட்டடங்களையும் சும்மா விடுவதில்லை.

போன வருஷக் கோடை விடுமுறையில் தெற்கே ஒரு தலைவரின் நினைவு மண்டபத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மண்டபத்தை ஒட்டிச் சின்னதாக ஓர் அருங்காட்சியகம். அவர் எழுதிய கடிதங்கள், போட்டிருந்த கண்ணாடி, கைத்தடி. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள் அக்கா. அந்தக் கடிதங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தாள். வாசலில் நீலப் பலகை, சக்கர நாற்காலிப் படம், அம்புக்குறி எல்லாம் இருந்தன. அம்பு காட்டிய பக்கம் சாய்தளமும் இருந்தது. அதன் அடியில் இரண்டு பைக், உச்சியில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு அக்காவைத் தள்ளினேன். பாதி ஏறுவதற்குள் நாற்காலியின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழும்பிவிட்டன. பின்னால் சாய்ந்தவளை நெஞ்சோடு தாங்கிக்கொண்டு அப்படியே பின்னுக்கே இறங்கினேன்.

காவலாளி ஓடி வந்தார். "எதுக்கு சார் சிரமம்? நாலு பேரு சேந்து அம்மாவத் தூக்கிரலாம்."

"இருங்கண்ணே" என்றாள் அக்கா. பையைத் திறந்து டேப்பை என்னிடம் நீட்டினாள். "அளடா."

மேடையின் உயரம் 26 அங்குலம். சாய்தளம் தரையில் பிடித்திருந்த நீளம் 7 அடி. ஒரு பங்கு ஏறப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு. நம் ஊர் அளவில் சொன்னால் இன்னும் சுலபம்: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். அந்த மண்டபத்துக்கு 26 அடி வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் சமதளமும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் இருந்தால் இன்னும் நல்லது.

கட்டிய கொத்தனாரை நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊரில் சாய்தளம் இல்லாத வீடு எது? தெருவிலிருந்து வாசற்படிக்கு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது டூவீலர் ஏற்ற. ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினால் வண்டி ஏறிவிடும். ஆயுள் முழுக்க அதையே கட்டிக் கைபழகியவரிடம் 'ராம்ப் வேணும்' என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கட்டுவார்? பைக் நிறுத்தியவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. பார்த்தால் பைக்குக்குக் கட்டியதாகத்தானே தெரிகிறது!

காவலாளியின் நல்ல மனசையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் 'தூக்கிரலாம்' இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில், கல்யாண மண்டபம், தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும் அக்கா கேட்டிருக்கும் சொல் இது. ஐம்பதைத் தாண்டியவள். முன்பின் தெரியாத நாலு ஆண்கள் கை கொடுத்து, சேலை விலக, ஊரே வேடிக்கை பார்க்க ஏற வேண்டும். ஏறிய பிறகு? அந்த நாலு பேரும் எப்போது இறங்குவாள் என்று வாசலில் காத்திருப்பார்கள். அதற்கப்புறம் ஒரு கடிதத்தின் முன்னால் பத்து நிமிஷம் நிற்க மனசு வருமா? பிடித்ததன் முன் நின்று நிதானமாகப் பார்ப்பதற்குத்தானே அருங்காட்சியகத்துக்குப் போகிறோம்.

அன்றைக்கு அவள் உள்ளே போகவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து கடிதங்களில் இருந்ததையெல்லாம் சொன்னேன். "கையெழுத்து எப்படிடா? சாய்வா, நேரா?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

திரும்பும் வழியில் காரில் ரூஸ்வெல்ட் கதையைச் சொன்னேன். அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39 வயதில், போலியோ என்று சொன்னார்கள். அதன் பிறகு அவரால் துணையின்றி நடக்க முடியவில்லை. 1933 முதல் 1945இல் சாகும்வரை ஜனாதிபதியாக இருந்தவர். இரும்புப் பட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, மகனின் கையையோ மேடையின் விளிம்பையோ பிடித்து நிற்பார். சக்கர நாற்காலியில் இருக்கும்போது படம் எடுக்க விடமாட்டார். ஆயிரக்கணக்கான படங்களில் அந்த நாற்காலி தெரிபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இத்தனைக்கும் அது அவரே யோசித்துச் செய்யச்சொன்னது. சாதாரண மர நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியது. ஒடுக்கமான இடத்திலும் திரும்பும். "பாரேன், நம்ம மாதிரியே அளவு பார்த்திருக்கார்" என்றாள் அக்கா.

வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் திறந்தது 1997 மே மாதம். ஏழரை ஏக்கர், கூரையில்லாத நாலு பெரிய அறைகள், நடுநடுவே அருவிகள். பெரிய சிலையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தோளிலிருந்து வழியும் மேலங்கி நாற்காலியை மூடிவிடுகிறது. பின்பக்கம் போய் உற்றுப் பார்த்தால்தான் சின்னச் சக்கரம் தெரியும். அவரே மறைத்ததை நாம் ஏன் காட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. மறைக்க வேண்டியிருந்தது அந்தக் காலத்தின் கோளாறு, அதை வெண்கலத்திலும் தொடர வேண்டுமா என்பது மாற்றுத்திறனாளிகள் கட்சி. அவர்களே நிதி திரட்டினார்கள். 2001 ஜனவரி 10 அன்று வாசலிலேயே இன்னொரு சிலை திறந்தார்கள். பீடம் கிடையாது. ஆள் உயர அளவில், தன் சக்கர நாற்காலியில், தரைமட்டத்தில் இருக்கிறார். வீல்சேரில் வருகிறவர் நேரே உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தி முழங்காலைத் தொடலாம்.

அதே நினைவிடத்தில்தான் இன்னொரு கூத்தும். பார்வையற்றவர்களுக்கென்று சுவரிலும் தூண்களிலும் பிரெய்ல் வைத்தார் சிற்பி. பிரெய்லில் ஓர் எழுத்து ஆறு புள்ளிக்குள் அடக்கம். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர். ஒரு விரல்நுனிக்குள் ஓர் எழுத்து முழுசாகச் சிக்க வேண்டும், அப்போதுதான் படிக்க வரும். அங்கே வைத்த புள்ளிகளோ அளவுக்கு மீறிப் பெரிசு. போதாக்குறைக்குச் சில வரிகள் கைக்கு எட்டாத உயரத்தில். பார்வையுள்ளவர்கள் தூரத்தில் நின்று, 'அடடா, பிரெய்ல்கூட வைத்திருக்கிறார்களே' என்று மெச்சிக்கொள்ளலாம். பார்வையில்லாத ஒருவரை அழைத்துவந்து தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும். எங்கள் மண்டபத்துச் சாய்தளமும் இந்த ஜாதிதான்.

அந்த 2001 ஜனவரியிலேயே டெல்லியிலும் ஒன்று நடந்தது. ஸ்டீபன் ஹாக்கிங் வந்திருந்தார். குதுப் மினாரையும் ஜந்தர் மந்தரையும் பார்க்க ஆசைப்பட்டார். சக்கர நாற்காலி போக வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிவந்த ஜாவேத் அபிதி விடவில்லை. அவரும் சக்கர நாற்காலிக்காரர். விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்து, கடைசியில் தொல்லியல் துறை மரப்பலகையால் தற்காலிகச் சாய்தளங்கள் போட்டுக்கொடுத்தது. உலகம் அறிந்த விஞ்ஞானி கேட்டால் பலகை வந்துவிடுகிறது. ஊரிலேயே இருப்பவர் எத்தனை வருஷம் கேட்பது என்பதே அபிதியின் சண்டை. அந்த இருவரும் 2018 மார்ச்சில் பத்து நாள் இடைவெளியில் காலமானார்கள்.

நம் ஊரில் ஒரு முதலமைச்சரே சக்கர நாற்காலியில் இருந்து ஆட்சி செய்திருக்கிறார். 2009இல் முதுகில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு கருணாநிதி அதில்தான் வந்தார், போனார், கூட்டம் பேசினார். ரூஸ்வெல்ட் போல மறைக்கவில்லை. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசாங்கத் தாளில் ஏறியதும் அவர் ஆட்சியில்தான். 2022இல் ஓமந்தூரார் தோட்டத்தில் அவருக்கு 16 அடி வெண்கலச் சிலை வைத்தார்கள், நிற்கிறார். நிற்கட்டும், வாழ்நாளில் பெரும்பகுதி நின்று பேசியவர்தான். ஆனாலும் எங்காவது ஓர் ஊரில், பீடமில்லாமல், அந்த நாற்காலியோடு ஒன்று வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். அக்காவைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பேன்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் ஐந்து வருஷத்துக்குள் சரிசெய்யச் சொன்னது. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை, அதன்கீழ் எழுதிய விதி வெறும் பரிந்துரையாக ஆக்கிவைத்திருக்கிறது, அந்த விதி செல்லாது என்பது அதன் சாரம். மனு போட்டபோது பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது கல்லூரியில் இருந்திருக்கும்.

சக்கர நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டு விவகாரம், அதனால் வந்த வினை. காது கேளாதவருக்குக் காணொளியில் சைகை மொழி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எளிய வாக்கியத்தில் நாலு வரி, இரைச்சலும் வெளிச்சமும் தாங்காதவருக்குக் கூட்டமில்லாத ஒரு மணி நேரம் என்று மற்றவர்களுக்கு வேண்டியதும் உண்டு. இதிலெல்லாம் பெரிய செலவே கிடையாது. ஆனால் பார்வையில்லாதவர் விஷயத்தில்தான் அருங்காட்சியகங்களுக்கு உள்ளபடியே இக்கட்டு. அங்கே முதல் விதியே 'தொடாதீர்கள்'.

இத்தாலியில் அன்கோனா என்ற ஊர். அங்கே அல்டோ கிராசினி, டேனியலா போட்டெகோனி என்று ஒரு தம்பதி, இருவருக்கும் பார்வை இல்லை. ஊர் ஊராகப் போகிறவர்கள். போகிற அருங்காட்சியகத்திலெல்லாம் கையை எடு என்பார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு 1993இல் தங்கள் ஊரிலேயே ஓர் அருங்காட்சியகத்துக்கு வழி செய்தார்கள். அங்கே எதையும் தொடலாம். புகழ்பெற்ற சிற்பங்களுக்கு அசல் அளவில் வார்ப்பு, கட்டடங்களுக்கு மாதிரி, கூடவே இக்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகளும் உண்டு. பெயர் ஓமெரோ, பார்வையற்றவர் என்று சொல்லப்படும் கிரேக்கக் கவி ஹோமரின் நினைவாக. டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் 2015இல் 'அனுபவ்' என்று தொட்டுப் பார்க்கும் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். சிற்பங்களின் பிரதிகள், பிரெய்ல் குறிப்பு, ஒலி விளக்கம் எல்லாம் சேர்ந்தது. சுவாமிமலையிலும் மாமல்லபுரத்திலும் அச்சு அசலாகப் பிரதி செய்துதரும் கைகள் நம்மிடம் இருக்கின்றன. ஒரு நடராஜரைப் பிரதி வார்த்துக் கூடத்தில் தாழ்வாக வைத்தால், தூக்கிய காலின் வளைவும் முயலகனின் முதுகும் கைக்குச் சிக்கும். கையால் பார்த்தவரிடம் கேட்டால், நமக்குக் கண்ணில் படாத ஏதாவது சொல்வார் என்று நினைக்கிறேன்.

மறுபடி சக்கர நாற்காலிக்கே வருகிறேன். சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று, அது அலை பக்கம்வரை போக நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர், ஒரு கோடியே 14 லட்சம் ரூபாய். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து முனையைப் பிய்த்துப் போட்டது. பணத்தைக் கடலில் கொட்டினார்கள் என்று ஊரே சிரித்தது. பிறகு செப்பனிட்டார்கள். அடுத்த வருஷம் அக்காவைக் கூட்டிப் போனேன். நாற்பத்தைந்து வருஷமாக ரோட்டோரத்திலிருந்து பார்த்த கடலைக் கிட்டத்தில் பார்த்தாள். சுண்டல் வாங்கிக் கொடுத்ததைத் தின்னக்கூட இல்லை. ஒன்றரை மணி நேரம். போகலாமா என்று நானும் கேட்கவில்லை.

மண்டபத்து விஷயத்தை அவள் விடவில்லை. ஊருக்கு வந்ததும் வெள்ளைத் தாளில், தையல் கணக்கு எழுதுகிற அதே குண்டு எழுத்தில், மேடை உயரம், சாய்தள நீளம், வேண்டிய நீளம் எல்லாம் போட்டு, பக்கத்தில் ஒரு படமும் வரைந்து மனு அனுப்பினாள். மூன்று மாதத்தில் பதில் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டுத் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று.

பொங்கல் விடுமுறைக்கு மறுபடி போனோம். பைக்குகள் இல்லை, தொட்டியும் இல்லை. சாய்தளத்துக்குப் பளபளவென்று நீலப் பெயின்ட், இரண்டு ஓரத்திலும் எவர்சில்வர் கைப்பிடி. மேலே மேடைக்குப் புதுசாக கிரானைட் ஒட்டியிருந்தார்கள். காவலாளிக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது, சிரித்தபடி வந்தார்.

அக்கா டேப்பை எடுத்தாள். நான் குனிந்து அளந்தேன். சாய்தளம் அதே 7 அடி. கிரானைட் ஒட்டியதில் மேடை மட்டும் ஏறியிருந்தது.

"எவ்வளவு?"

"இருபத்தேழு."

"அப்போ 27 அடி வேணும்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.