உங்க 'பெர்சனாலிட்டி'க்கு ஏத்த சம்மர் சென்ட் எது? ஒரு நீண்ட த்ரெட்

1/
"துறுதுறுன்னு இருப்பீங்களா? கலகலன்னு பேசுவீங்களா? அப்போ இந்த சம்மருக்கு உங்க சென்ட் ஃப்ரூட்டி ஃப்ளோரல்தான்!"

ஏப்ரல் பிறந்ததிலிருந்து இந்த மாதிரி ரீல்ஸ் என் போனில் தினமும் நாலு வருது. சிரிச்சுட்டு தள்ளி விட்டுட்டு இருந்தேன். இந்த வாரம் ஒரு பொண்ணோட ரிசல்ட்டைப் பார்த்த பிறகு சிரிக்க முடியல.

2/
கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பொண்ணு. அம்மாவோட ஓபிக்கு வந்தது. கழுத்தின் ரெண்டு பக்கமும் கருமை. அம்மா சொன்னது: "அழுக்கு மேடம். பீர்க்கங்காய் நார் வச்சு தேய்ச்சும் போகல. இவ ஒழுங்கா குளிக்கிறதில்ல."

பொண்ணு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

3/
கழுத்தில் கருமைன்னா நாங்க முதலில் யோசிக்கிறது இன்சுலின் சரியா வேலை செய்யாததால வர்ற அக்காந்தோசிஸ். நானும் அப்படித்தான் நினைச்சு சுகர் டெஸ்ட் எழுதினேன். ஆனா தொட்டுப் பார்த்தா அந்த வெல்வெட் மாதிரி தடிப்பு இல்ல. பிடரி சுத்தமா இருக்கு. கருமை இருந்தது காதுக்குக் கீழே, ரெண்டு பக்கமும், அளந்து வச்ச மாதிரி.

"அங்க என்னம்மா போடுற?"
அம்மா முந்திக்கிட்டாங்க: "ஒண்ணும் போடல மேடம்."
பொண்ணு பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல வச்சது. பிங்க் கலர். பீச், ஸ்ட்ராபெரி, மல்லிகை.

4/
"இதை நிறுத்தணும்"னு சொன்னேன். அதுக்கு அது சொன்ன பதில்தான் இந்த த்ரெட்டுக்குக் காரணம்:

"நிறுத்தினா வேர்வை நாத்தம் வரும் மேடம். ரெண்டு பஸ் மாறி வரேன். பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்கு. இது போட்டாதான் நான் நானா இருக்கேன்."

கடைசி வரியைக் கவனிங்க. அது அந்தப் பொண்ணோட வரி இல்ல. விளம்பரத்தோட வரி.

5/
இப்போ பாட்டிலுக்குள்ள போவோம். பீச் பழத்தைப் பிழிஞ்சா ஜூஸ் வரும், சென்ட் வராது. ஸ்ட்ராபெரியும் அப்படித்தான். சென்ட்டில் வர்ற பீச் வாசனை பெரும்பாலும் காமா அன்டெகாலாக்டோன் மாதிரியான வேதிப்பொருள். 1919-லேயே கெர்லான் நிறுவனத்தின் மிட்சூகோ சென்ட்டில் அது இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல ஆன சரக்கு. "இந்த வருஷத்தின் புது ஃபீல்" எல்லாம் சும்மா.

6/
பூ மட்டும் என்ன? மல்லிகை மணத்தில் இண்டோல்னு ஒண்ணு இருக்கு. எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம் படிச்சவங்களுக்கு ஞாபகம் வரும். மைக்ரோபயாலஜி பிராக்டிகலில் ஈ.கோலை கிருமியைக் கண்டுபிடிக்க இண்டோல் டெஸ்ட் போடுவோமே, அதே இண்டோல். நம்ம மலத்திலும் இருக்கு.

மல்லிகையைக் குறை சொல்லல. நானும் தலையில வைக்கிறவதான். ஒரு மூலக்கூறுக்கு "வெகுளியான, ரொமான்டிக்கான குணம்" எல்லாம் கிடையாதுன்னு சொல்றேன்.

7/
சரி, "எனக்கு அப்படியே பொருந்துதே டாக்டர்"னு கேட்பீங்க. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் வச்சார். அப்புறம் ஆளுக்கு ஒரு 'ரிசல்ட்' கொடுத்து, எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல வந்தது.

எல்லாருக்கும் கொடுத்தது ஒரே பேப்பர். அதில் இருந்த வரிகளை அவர் எடுத்தது ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து.

8/
"வெளியே கலகலப்பு, உள்ளே கொஞ்சம் கூச்சம். சுதந்திரம் பிடிக்கும், ஆனா அன்புக்கு ஏங்குவீங்க." இது யாருக்குப் பொருந்தாது? எங்க வார்டு பாய்க்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். கிளி ஜோசியத்தில் கிளியை எடுத்துட்டு பாட்டிலை வச்சிருக்காங்க. கிளி ஜோசியராவது பத்து, இருபது ரூபாயோட விட்டுடுவார்.

9/
இன்னொரு கணக்கு. எஸ்காடாங்கிற ஜெர்மன் நிறுவனம் 1993-ல் ஷிஃபான் சர்பேன்னு கோடைக்கு மட்டும் ஒரு பழ வாசனை சென்ட் விட்டது. அது ஓடினதும் கோடைக்கு ஒண்ணுன்னு புதுசு புதுசா லிமிடெட் எடிஷன். 2011-ல் வந்ததுக்கு தாஜ் சன்செட்னு பேர், மாம்பழ வாசனை. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போனாங்க.

வருஷா வருஷம் சென்ட் மாறுது. அது உங்க குணத்துக்கானதுன்னா, உங்க குணமும் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறுதா?

10/
அந்த 'சம்மர்' யாரோட சம்மர்னும் யோசிங்க. எட்டு மாசம் குளிர்ல கிடந்தவங்களுக்கு வெயில் வந்தா திருவிழா. கடற்கரை, ஐஸ்கிரீம், பழம். நமக்கு? கத்திரி வெயில். பவர் கட். வேர்க்குரு. ரெண்டு பஸ் மாறுற பயணம். அவங்க லீவுக்குச் செஞ்ச பாட்டிலை வாங்கி, நம்ம வேர்வையை மறைக்கப் பார்க்கிறோம்.

11/
வேர்வைக்கு வருவோம். உடம்பெல்லாம் வர்ற வேர்வைக்குப் பெரிசா வாசனையே இல்ல. அக்குளில் வாழுற பாக்டீரியா வேர்வையை உடைக்கும்போதுதான் நாற்றம் வருது. இது சோம்பேறித்தனமும் இல்ல, அசுத்தமும் இல்ல, குணக்கேடும் இல்ல. சோப்பு, தண்ணி, துவைச்சு காய்ஞ்ச பருத்தித் துணி இருந்தா பெரும்பாலும் போதும். கழுத்தில் அடிக்கிற சென்ட் அக்குள் பாக்டீரியாவை ஒண்ணும் பண்ணாது.

12/
கழுத்தில் அது என்ன பண்ணும்? பழ, பூ வாசனைகளில் சகஜமா இருக்கிற லிமோனின், லினலூல் ரெண்டும் காத்தோட கலந்து ஆக்சிஜனேற்றம் அடைஞ்சா ஒவ்வாமையைத் தூண்டும் பொருளா மாறும். திறந்து ரொம்ப நாளான பாட்டில் இன்னும் மோசம். நம்ம மாதிரி மாநிற, கருப்புத் தோலில் சில நேரம் சிவப்பே தெரியாது. அரிப்பும் லேசாத்தான் இருக்கும். நேரா கருமைதான். அதனாலதான் 'அழுக்கு'ன்னு தேய்க்கிறாங்க. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும்.

"நேச்சுரல்னா பயமில்லையே?" லிமோனின் ஆரஞ்சுத் தோலிலேயே இருக்கு. நேச்சுரல்தான்.

13/
ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே 26 வாசனைப் பொருட்களை லேபிளில் பேர் சொல்லிப் போடணும்னு சட்டம் போட்டது. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல ஆக்கினாங்க. லில்லி மணத்துக்குச் சேர்த்த லிலியால்ங்கிற பொருளை, இனப்பெருக்கத்துக்குக் கெடுதல்னு 2022 மார்ச்சில் தடையே பண்ணிட்டாங்க.

நம்ம பொண்ணு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஆல்கஹால், தண்ணி, பெர்ஃப்யூம். முடிஞ்சது. உங்க குணத்தைப் பத்தி அட்டையில ஆறு வரி. உள்ளே இருக்கிறதைப் பத்தி மூணு வார்த்தை.

14/
கதை இதோட முடியல. கருமை போகணும்னு அந்தப் பொண்ணு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டிருக்கு. ஸ்டீராய்டு க்ரீம். முதல் வாரம் பளிச். நிறுத்தினா திரும்ப வரும். மறுபடி க்ரீம். மூணு மாசத்தில் தோல் மெலிஞ்சு, வெயில் பட்டாலே எரிச்சல்.

ஸ்கின் ஓபிக்கு அனுப்பினேன். பேட்ச் டெஸ்ட் பண்ணாங்க. இந்த வாரம் ரிசல்ட்: வாசனைப் பொருட்களுக்கு பாசிட்டிவ். சரியாகும். மாசக்கணக்கில் ஆகும். கருமை முழுசா போகுமான்னு கேட்டப்போ என்னால உறுதி சொல்ல முடியல.

15/
"ஒரு சின்ன சந்தோஷம், அதையும் பறிக்கணுமா டாக்டர்?"

இல்லவே இல்ல. வாசனை பிடிச்சா வாங்குங்க, போடுங்க. என் அலமாரியிலும் ஒரு பாட்டில் இருக்கு. என் சண்டை சென்ட்டோட இல்ல. 18 வயசுப் பொண்ணுக்கு முதலில் அதோட உடம்பு மேல கூச்சத்தைக் கொடுத்து, அப்புறம் "நீ இப்படிப்பட்டவ"ன்னு ஒரு ஆளையும் சேர்த்து விக்கிற வியாபாரத்தோட. கழுத்து அரிச்சாலும் நிறுத்த மனசு வராம பண்றது அதுதான்.

16/
நீங்க செய்ய வேண்டியது:

• சென்ட்டைத் தோலில் அடிக்காம துணியில் அடிங்க. பட்டுல வேண்டாம், கறை விழும்.
• ஷேவ், வேக்ஸ் பண்ண உடனே அந்த இடத்தில் அடிக்காதீங்க.
• அரிப்போ கருமையோ வந்தா அன்னைக்கே நிறுத்துங்க. நார் போட்டுத் தேய்க்காதீங்க.
• க்ரீம் ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெடசால், மொமெட்டசோன்னு இருந்தா டாக்டர் சொல்லாம போடாதீங்க.
• வீட்டில் ஆஸ்துமா இருக்கிறவங்க இருந்தா அவங்க பக்கத்தில் அடிக்காதீங்க.
• சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

17/
அம்மாக்களுக்குத் தனியா ஒண்ணு. பொண்ணு கழுத்தில் கருமை இருந்தா "குளிக்கிறதில்ல"ன்னு பத்து பேர் முன்னாடி சொல்லாதீங்க. அந்த அம்மா ரிசல்ட் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. வெளியே போகும்போது பொண்ணோட முடியைக் கழுத்திலிருந்து ஒதுக்கி விட்டுட்டுப் போனாங்க.

18/
இப்போ கமெண்டில் "அப்போ எனக்கு எந்த சென்ட் சூட் ஆகும் டாக்டர்?"னு கட்டாயம் ஒருத்தர் கேட்பீங்க. முன்கூட்டியே பதில்: பிடிச்ச வாசனை, கட்டுப்படியாகிற விலை, தோல் அரிக்கக் கூடாது. அவ்வளவுதான். உங்க குணம் எப்படின்னு உங்க கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட கேளுங்க.

நைட் டியூட்டி கிளம்பணும். கல்லூரி போற பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு இதைப் பகிருங்க.