கல்லும் சாண்டோ பனியனும்

இலக்கியம் பேசும் இடத்தில் உடற்பயிற்சிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

சென்ற மாதம் நடுவட்டத்தில், கூடலூர் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் நின்றிருந்தேன். தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கைபேசியில் ஒரு நடிகரின் வயிற்றைக் காட்டி, "அண்ணா, இப்படி வர தினம் எத்தனை நூறு தடவை படுத்து எழுந்திருக்கணும்?" என்றான். ஒரு தடவைகூட வேண்டாம், முதலில் ராத்திரிப் பரோட்டாவில் இரண்டைக் குறை என்றேன். அவன் நம்பவில்லை.

எந்த இடத்துக்குப் பயிற்சி கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்பது நம் ஊர் உடற்பயிற்சிக்கூடங்களில் சாகாத மூடநம்பிக்கை. வயிற்றுத் தசை எல்லோருக்கும் இருக்கிறது; அதன்மேல் போர்வை கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும். உடல் இளைக்க இளைக்க அந்த வேகமும் குறையும்.

அப்படியானால் எடை தூக்குவது எதற்கு? பட்டினி கிடக்கும் உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே தின்னும். கனமான எடையைத் தூக்கிக்கொண்டிருந்தால்தான் 'இது தேவைப்படுகிறது' என்று உடல் தசையை விட்டுவைக்கும். ஆகவே, 'கட்டிங்' என்ற பெயரில் இலேசான எடையை ஐம்பது முறை ஆட்டச் சொல்வது தலைகீழ் வைத்தியம். தூக்கும் எடையைக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியது சோற்றை. புரதமும் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் அளவு. அறுபது கிலோ ஆளுக்கு 96 கிராம். ரசம் சாதத்தில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். மீதிக்குப் பாலும் கடலையும் இம்மலையின் அவரையும் இருக்கின்றன.

நம் மொழியில் 'சாண்டோ' என்ற சொல் வந்து சேர்ந்த கதை சுவையானது. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியர் 1905 வாக்கில் இந்தியாவில் சுற்றி உடலைக் காட்சிப்படுத்தினார். அவர் பெயர் கோவை சின்னப்பா தேவருக்குப் பட்டமாயிற்று; கையில்லாத பனியனுக்கும் பெயராயிற்று. பார்ப்பதற்கான உடல் என்ற எண்ணம் அத்தோடு நம்மிடையே வலுப்பெற்றது என்று நினைக்கிறேன். அதற்கு முன் நம்மிடம் இருந்தது இளவட்டக்கல். உதகைக்கருகே முத்தநாடு மந்தில் தோடர்களின் உருண்டைக் கல் இன்றும் கிடக்கிறது; அதைத் தோளுக்கு ஏற்றியவனுக்கே பெண் என்பார்கள். அந்தக் கல் வயிற்றில் எத்தனை மடிப்பு என்று கேட்பதில்லை. எனக்கு அந்தக் கல்லின்மேல்தான் மதிப்பு அதிகம். (கண்ணாடியை நானும் பார்க்கிறேன் என்பதை மறைப்பானேன்!)

கருவிகள் இல்லை என்று அவன் குறைபட்டான். சின்கோனா தோட்டங்களில் வேலைசெய்த சீனக் கைதிகளை அடைத்துவைத்த பழைய சிறை அதே ஊரில் இருக்கிறது. சிறை என்றதும் மனோகர் ஐச் நினைவுக்கு வந்தார். நாலடி பதினோரு அங்குல வங்காளி. வெள்ளை அதிகாரியை அறைந்து சிறைபோனவர். கருவி எதுவுமின்றி அங்கேயே உடலை வளர்த்து, 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். நூறு வயதைத் தாண்டி 2016இல் மறைந்தார்.

கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ இது வேண்டாமா?" என்று பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். கொழுப்பை எரிக்கும் மாத்திரையாம். உள்ளே என்ன இருக்கிறதென்று சீட்டில் தெளிவாக இல்லை. விலை, இலை பறிக்கும் அவன் அம்மாவின் பல நாள் கூலி. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி இலைமூட்டை சுமக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டை கிடைக்கிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டப்பாவை உள்ளே வைத்துக்கொண்டான்.